அக்கரைக்குக் கேட்கும்படி

தன் அப்பா செத்த செய்தியை ஸுலீகா மூன்று மாதம் தன்னிடம் மறைத்துவிட்டாள் என்ற கோபம் பூஸியானுக்கு இருபத்தைந்து வருஷமாக இருந்தது. அவளைத் தினமும் தன் டாக்ஸியில் ஏற்றிக்கொண்டு போனான். அவள் வீட்டுக் கல்யாணங்களில் கை நனைத்தான். கோபம் மட்டும் அப்படியே கிடந்தது.

மொராக்கோவின் கிழக்கு ஓரத்தில் அஹ்ஃபிருக்கும் ஸயீதியாவுக்கும் நடுவே ஓடும் டாக்ஸி அவனுடையது. ஸுலீகா ஸயீதியாவில் ஒரு ஹோட்டலில் படுக்கை விரிப்புகள் துவைக்கப் போய்வந்தாள். வழியில் பாறைகளுக்கு நடுவே ஒரு வளைவு. கீழே கீஸ் ஆறு. ஆறு என்று பேர்தான், கோடையில் ஆடு தாண்டிவிடும். அக்கரையில் நம் சாலையைப் போலவே இன்னொரு சாலை போகிறது. அது அல்ஜீரியா.

மொராக்கோ, அல்ஜீரியா உள்பட வட ஆப்பிரிக்காவின் ஐந்து நாட்டுத் தலைவர்கள் மராகேஷில் கூடி, நாமெல்லாம் ஒரே குடும்பம் என்று கையெழுத்துப் போட்டது 1989இல். அந்த வருஷம்தான் ஸுலீகாவின் அக்கா கேரா அக்கரையில் மக்னியாவுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள். காரில் ஒரு மணி நேரம். பெண்ணை விடப்போன கூட்டம் மறுநாள் மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிட்டது. ஐந்தே வருஷத்தில் இரண்டு அரசும் முறைத்துக்கொண்டன. 1994 ஆகஸ்டில் எல்லையை இழுத்து மூடினார்கள். திராட்சைத் தோட்ட வேலைக்குப் போய் மக்னியாவிலேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்ட பூஸியானின் அப்பாவும் அந்தப் பக்கமே நின்றுபோனார்.

மூடிய இரண்டாம் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ஆறு பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த வண்டியில் ஸுலீகா திடீரென்று "நிறுத்து" என்றாள்.

"இங்க எதுக்குக்கா? பின்னாடி லாரி வருது."

"எங்க அக்கா நிக்கிறா பாரு. என் தொண்டை எட்டாது. நீ ஸ்டாண்டுல ஆள் கூப்பிடுறது பெர்கான் வரைக்கும் கேக்குது. இறங்கிக் கத்து."

"நான் என்ன பாங்கு சொல்றவனா?"

"அவரைவிட உன் குரல் பெரிசு. இறங்கு."

இறங்கிக் கத்தினான். நூறு மீட்டர்தான், நன்றாகவே கேட்டது. அதோடு ஊருக்கெல்லாம் அவன்தான் தொண்டை என்றாகிவிட்டது. யாருக்குப் பேரன் பிறந்தாலும், யார் பரீட்சையில் தேறினாலும் பூஸியானைத் தேடி வந்தார்கள். ஸுலீகா மாதத்தில் முதல் வெள்ளி ஒன்றைக்கூட விடவில்லை. தூரத்திலிருந்து அடையாளம் தெரியட்டும் என்று தலையில் சிவப்புத் துணி கட்டிக்கொண்டு நிற்பாள். மழையிலும் நின்றாள், பிரசவம் ஆன இருபதாம் நாளும் நின்றாள்.

அந்த வளைவுக்கென்று ஒரு வழக்கம் தானாக உண்டாயிற்று. சாவைக் கத்துவதில்லை. அழுகிறவளைக் கட்டிப்பிடிக்க வழியில்லாத இடத்தில், இரண்டு பக்கமும் சிப்பாய்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது, அதை எப்படிச் சொல்வது? அதனால் அக்கரையில் எல்லாரும் எப்போதும் நன்றாக இருந்தார்கள். இக்கரையிலும் அப்படித்தான்.

1997இல் அவன் மூன்று மாதம் தொடர்ந்து "அப்பாவுக்கு சலாம் சொல்லுங்க, எப்படி இருக்காரு?" என்று கத்தினான். கேரா ஒவ்வொரு தடவையும் இரண்டு கையையும் தூக்கி, நல்லா இருக்கார் என்று ஆட்டினாள். முதல் தடவை அவன் வண்டிப் பக்கம் திரும்பிய நேரத்தில், அதே கேரா கன்னத்தை உள்ளங்கையில் சாய்த்துக் கண்ணை மூடிக் காட்டியதை ஸுலீகா மட்டும் பார்த்தாள். கடைசியில் விஷயம் வந்தது கழுதை மேல் பெட்ரோல் கடத்தி வருபவன் வாயிலிருந்து. "உங்கப்பா நாற்பதாம் நாள் குஸ்குஸ் நானே சாப்பிட்டேனே, உனக்குத் தெரியாதா?" என்றான் அவன்.

பூஸியான் நேராக ஸுலீகா வீட்டு வாசலில் போய் நின்றான்.

"தெரிஞ்சே என்னைக் கத்த விட்டியா? செத்த மனுஷனுக்கு மூணு மாசம் சலாம் சொல்லியிருக்கேன்."

"ஆறு பேரை ஏத்திக்கிட்டு அந்த வளைவுல ஓட்டுறவன் நீ. எப்படிடா சொல்லுவேன்?"

அவன் திரும்பி வந்தான். மறுநாள் காலையில் அவள் வழக்கம்போல முன் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினாள். அவனும் வண்டியை எடுத்தான்.

வருஷங்கள் போயின. தெற்கே அல்ஜீரியா எரிவாயு நம் மண்ணுக்கடியில் குழாய் வழியாக ஸ்பெயினுக்குப் போய்க்கொண்டிருந்தது. இரண்டு அரசும் முகம் பார்க்காவிட்டாலும் அந்தக் குழாய் நிற்கவில்லை. "கழுதை போகுது, கேஸ் போகுது, நான் ஒருத்தி போனாத்தான் ரெண்டு நாடும் கவுந்துடும்" என்பாள் ஸுலீகா. பிறகு இரும்பு வேலி வந்தது. வேலியைத் தாண்டியும் அவன் குரல் போயிற்று. செல்போன் மலிவானதும், இனி எதற்கு இந்த அலைச்சல் என்றார்கள் பிள்ளைகள். "போன்ல யாரு வேணாலும் நல்லா இருக்கேன்னு சொல்லலாம். நேர்ல நின்னு காட்டணும்" என்று சொல்லிவிட்டுச் சிவப்புத் துணியை எடுத்தாள்.

2021இல் உறவே முறிந்தது. வானத்தையும் மூடினார்கள். அக்டோபர் கடைசியில் எரிவாயுவும் நின்றது. "இப்ப கேஸுக்கும் நம்ம கதிதான்" என்று சிரித்தவள், அந்த வாரமே பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுத்துக்கொள்ளப் போனாள். காஸாபிளாங்கா போய், அங்கிருந்து துனிஸ், துனிஸிலிருந்து ஒரான், ஒரானிலிருந்து காரில் மக்னியா.

"நூறு மீட்டருக்கு துனிஸ் வழியா போவியாக்கா?" என்றான் பூஸியான்.

"நிலா வழியா போகணும்னாலும் போவேன். அவளுக்கு நெஞ்சு சரியில்ல. ஒரு தடவை கட்டிப்பிடிச்சுட்டு வந்துடறேன்."

பாஸ்போர்ட் கைக்கு வந்த மாதம் அவளுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டன. வாரம் மூன்று நாள் பெர்கான் ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்தாக வேண்டும், விமானத்தைப் பற்றிப் பேச்சே எடுக்காதீர்கள் என்றார் டாக்டர். அவளைக் கூட்டிப்போய்க் கூட்டிவந்ததும் பூஸியான்தான். முதல் வெள்ளிகளில் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு வளைவில் நின்றாள். அவள் நல்லா இருப்பதாக அவன் கத்தினான்.

அடுத்த கோடையில் ஒருநாள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது, வழியைவிட்டு விலகி வளைவுக்கு விடச் சொன்னாள். அக்கரையில் யாரும் இல்லை. அவள் இறங்கவில்லை. மடியிலிருந்த சிவப்புத் துணியை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

"இதை நீ வச்சுக்க. வீட்டுல இருந்தா என் பையன் எடுத்துடுவான்."

"அவனுக்கு எதுக்கு இது?"

"எனக்கப்புறம் என் பொண்ணு தலையில கட்டி இங்க நிக்க வைக்கப் போறான். அவளும் என் உசரம்தான், தூரத்துல வித்தியாசம் தெரியாதாம். அக்கா பசங்களோட போன்ல பேசி முடிச்சுட்டான். பெரியம்மா நெஞ்சு தாங்காதாம்."

பூஸியான் வண்டியை அணைத்தான். "சரியாத்தானேக்கா சொல்றாங்க? நீ எனக்குப் பண்ணினதும் அதானே?"

இருபத்தைந்து வருஷத்தில் அதைப் பற்றி அவன் பேசியது அன்றுதான். அவள் அவன் பக்கம் திரும்பினாள்.

"அதனாலதான் உன்கிட்ட கேக்குறேன். உனக்கு அன்னைக்கு எப்படி இருந்துச்சுன்னு தெரியும். என் பொண்ணை நான்னு நினைச்சு அக்கா கையாட்டிக்கிட்டு நிக்கக் கூடாது. நான் போனப்புறம் வர்ற முதல் வெள்ளி வா. தனியா வா. அக்கா வந்து நின்னதும், அவளைப் பிடிச்சுக்கப் பக்கத்துல ஆள் இருக்கான்னு பார்த்துட்டு, அவ பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, ஸுலீகா செத்துட்டான்னு சொல்லு. ஒரு தடவைதான் சொல்லணும். அக்கரைக்குக் கேக்குற மாதிரி சொல்லு."