அத்தாவின் கடையில் மறைந்திருந்த வரி

வெள்ளைக்காரர் ஆண்ட மலாயாவின் அவசரகாலத்தில், கேமரன் மலையிலுள்ள ரிங்லெட்டில் என் அத்தா, அதாவது அப்பா, மளிகைக் கடை வைத்திருந்தார். காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகள் சரக்கு ஏற்றிவரும் லோரிக்காரரிடமும் வரி வாங்கினார்கள், அத்தாவிடமும் வாங்கினார்கள். இரண்டும் கருவாட்டு விலையில் ஏறின. கொடுப்பது தெரிந்தால் போலீஸ் பிடிக்கும் என்பதால் அத்தா கடைக்கு வருகிறவர்கள் யாரிடமும் சொல்லவில்லை.

தேயிலைத் தோட்டத்து முனியம்மா அக்கா ஒருநாள் கருவாட்டு விலையைக் கேட்டு, "நீங்களுமா பாய் எங்க வயித்துல அடிக்கிறீங்க?" என்று அழுதுவிட்டு வெறுங்கையோடு போனார். மறுநாளே அத்தா விலையைக் குறைத்தார். காட்டுக்குக் கொடுப்பதையும் நிறுத்தினார். அந்த வாரமே, சரக்கெடுக்க அடிவாரத்துத் தாப்பா ஊருக்குப் போனவரைக் காட்டுக்காரர்கள் வழியில் சுட்டுக் கொன்றுவிட்டார்கள்.

பல வருஷம் கழித்து மலேசியாவில் ஜிஎஸ்டி வந்தபோது ரசீதில் வரி தனியாகத் தெரிந்தது. அது போய் விற்பனை வரி வந்ததும் மறுபடி விலைக்குள் மறைந்துவிட்டது. இப்போது விலை கூடினால் நான் கடைக்காரரைத் திட்டுவதில்லை. "இதுல வரி எவ்ளோ லா?" என்று கேட்கிறேன். அத்தாவிடம் யாரும் அப்படிக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவரால் சொல்லியிருக்க முடியாது.