1867 தேர்தலில் லூஷியஸின் சீட்டு

லூஷியஸ் டார்வர் அமெரிக்கத் தெற்கில் உள்ள விக்ஸ்பர்க்கில் முப்பத்தோரு வருஷம் தபால்காரராக இருந்தவர். எந்த வீட்டு நாய் கடிக்கும், எது குரைத்துவிட்டுப் படுத்துக்கொள்ளும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஓய்வு பெற்றதும் உள்நாட்டுப் போர் என்ற கிறுக்கு பிடித்துக்கொண்டது: அடிமைகளை விடமாட்டோம் என்று தெற்கு மாநிலங்கள் தனி நாடாகப் பிரிந்து, வடக்கோடு மோதித் தோற்ற 1860களின் போர். மாதம் ஒரு வியாழக்கிழமை சர்ச் கூடத்தில் கூடும் போர் வரலாற்றுச் சங்கத்தில் போய்ச் சேர்ந்தார். பதினைந்து உறுப்பினர்களில் கறுப்பர் அவர் ஒருவர்தான்.

"தோத்துப்போனவங்களுக்கு ஒப்பாரி வைக்கிற கூட்டம். அங்க உனக்கு என்னய்யா வேலை?" என்பாள் மனைவி வெர்னெல்.

"எங்க ஏசா தாத்தா கதைய ஒரு நாள் சொல்லிட்டேன்னா வந்துடுவேன்டி."

அந்தக் கதைதான் அவரைப் பதினொரு வருஷமாக அங்கே கட்டிப்போட்டிருந்தது. அவருடைய தாத்தாவின் தாத்தா ஏசா, பருத்திக் காட்டு அடிமை. தப்பி ஓடி வடக்குப் படையில் சேர்ந்தவர். ஊர் ஆற்றுக்கு அக்கரையில் மில்லிகன்ஸ் பெண்ட் என்ற இடத்தில் நடந்த சண்டையில், குண்டு தீர்ந்தபின் துப்பாக்கிக் கட்டையாலேயே அடித்து நின்றவர். அதைப் பேச லூஷியஸ் ஒவ்வொரு ஜனவரியிலும் ஒரு மாதக் கூட்டத்தை ஒதுக்கச் சொல்லிக் கேட்பார். சங்கத் தலைவர் ஹார்லன் ப்ரூயிட், "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்ப்பா" என்று நழுவிவிடுவார். ஹார்லன் கெட்டவர் இல்லை. லூஷியஸுக்கு இதய அறுவை நடந்தபோது அவர் வீட்டுப் புல்லைத் தானே வந்து வெட்டிக்கொடுத்தவர். இந்த ஒரு விஷயத்தில்தான் பிடி கொடுக்கமாட்டார்.

அந்த செப்டம்பரில் சங்கத்துக்கு ஒரு விளையாட்டு. போரில் தெற்கு ஜெயித்திருந்தால், 1867இல் அதன் இரண்டாவது ஜனாதிபதி யார்? முதல் ஆள் மறுபடி நிற்க முடியாது. ஆறு வருஷம், ஒரே தடவை என்று தெற்கின் சட்டமே சொல்கிறது. ஒரு கட்சி ஒரு தளபதிக்கு, மறு கட்சி ஜார்ஜியா வக்கீல் ஒருவருக்கு. சீருடைப் பொத்தானில் ஒரு நட்சத்திரம் கூடிப்போனாலே வாரக்கணக்கில் சண்டை போடும் ஆட்கள் இவர்கள். சட்டத்தை மனப்பாடமாக வைத்திருக்கும் லூஷியஸைத் தேர்தல் அதிகாரி ஆக்கினார்கள். மூன்று மணி நேரம் வாதம் நடந்தது. பொரித்த கெளுத்தி மீன் ஆறிப்போனதை யாரும் கவனிக்கவில்லை.

லூஷியஸ் ஓட்டுச் சீட்டுகளை எண்ணினார். ஏழுக்கு ஏழு. பதினைந்தாவது சீட்டு அவர் கையில் எழுதாமல் இருந்தது.

"லூஷியஸ், நீ இன்னும் போடலியா! நாட்டுக்குத் தலைவரையே நீதான்யா முடிவு பண்ணப்போறே!" என்று ஹார்லன் மேசையைத் தட்டினார். எல்லோரும் சிரித்தார்கள்.

"சட்டப்படிதானே நடத்தணும்?"

"பின்னே? ஒரு எழுத்து பிசகக்கூடாது."

"அப்ப என்னால போட முடியாதே."

"ஏன், பேரைப் பதிய மறந்துட்டியா?" என்று ஹார்லன் கேலி செய்தார்.

"பதிஞ்சிருக்கு. ஓட்டர் பட்டியல்ல இல்ல. கோவேறு கழுதைங்களோட சேத்து சொத்துப் பட்டியல்ல. நீங்க ஜெயிச்ச நாட்டுல நான் அங்கதான் இருக்கேன்."

பொத்தானை எண்ணுகிறவர்கள் ஆளை எண்ண மறந்திருந்தார்கள். ஹார்லனுக்குக் காது சிவந்துவிட்டது.

"தப்புதான்யா. இது எப்படித் தோணாமப் போச்சு எனக்கு?"

"தோணியிருக்கும். ஏசா கதையை நான் கேட்டப்பல்லாம் தோணியிருக்கும். அதான் தள்ளிப்போட்டே. மத்தவங்க செஞ்சா போகட்டும்னு விட்டிருப்பேன். நீ செஞ்சதுதான் வலிக்குது, ஹார்லன்."

ஹார்லன் நிகழ்ச்சி நிரலை இழுத்து, அக்டோபரில் பீரங்கிச் சக்கரம் பற்றித் தான் பேசவிருந்ததை அடித்துவிட்டு 'ஏசா டார்வர்' என்று எழுதினார்.

"வழக்கமா நாப்பது நிமிஷம். உனக்கு எவ்வளவு நேரம் வேணும்?"

"இல்லாத நாட்டுக்குத் தலைவர் தேட எவ்வளவு நேரம் எடுத்துக்கிட்டீங்க?"

"மூணு மணி நேரம்."

"இருந்த மனுஷனுக்கும் அதையே குடு."