ரெலிபோனிலை கேட்டு எடுத்த அடுப்பு

அடிப்பிடிச்ச கஞ்சி மணம்... அதிலையிருந்துதான் எனக்கு இந்தக் கதை ஞாபகம் வாறது.

எண்பத்தாறாம் ஆண்டு, வசந்தகாலம். ஜெர்மனியிலை கொலோனிலையிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு சின்ன ஊர். அகதியளாய் வந்த எங்களைத் தங்க வைச்ச விடுதி, ஹைம் எண்டுறது, அதுக்குப் பின்னாலை, வேலிக்கு அங்காலை, கெர்டா அக்காவின்ரை தோட்டம். பள்ளிக்கூட பஸ் ஓட்டுற ஜெர்மன் மனிசி. நாங்கள் எல்லாரும் அக்கா எண்டுதான் கூப்பிடுவம். அவவும் அதைத் தன்ரை பேர் மாதிரியே எடுத்துக்கொண்டா.

அவவுக்கு வீட்டிலையே பியர் காய்ச்சிற பைத்தியம். அதுக்கும் சுங்கக் கந்தோருக்கு முதலே கடிதம் போட்டிருந்தவ. இந்த நாட்டிலை எதுக்குத்தான் கடிதம் இல்லை!

அண்டைக்கு, கூரைக்குத் தார் உருக்கிற காஸ் பேர்னர் ஒண்டைத் தம்பியாரிட்டை இரவல் வாங்கி, செங்கல்லுகளுக்கு நடுவிலை வைச்சு, ஐம்பது லீற்றர் பானையை ஏத்தியிருந்தா. நெருப்பு முழுக்க ஒரே இடத்திலை. பார்லி ஊறின தண்ணி அடிப்பிடிச்சுப் போச்சு. அதுதான் அந்த மணம்.

நான் வேலிக்கு மேலாலை எட்டிப் பாத்து என்ரை அரைகுறை ஜெர்மனிலை சொன்னன். "அக்கா, நெருப்பும் பிழை, செங்கல்லும் பிழை. நான் பானை வைக்க இரும்பிலை ஸ்ராண்ட் செய்து தாறன். நான் வெல்டர்."

சொல்லிப்போட்டன்... பிறகுதான் யோசிச்சன்.

நான் வெல்டிங் ஹோல்டரைத் தொட்டு இரண்டு வருஷத்துக்கு மேலை. அகதிக் கேஸ் முடியுமட்டும் எங்களுக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. யாழ்ப்பாணத்திலை, கொக்குவில்லை இரும்புக் கேற் அடிச்ச கை, ஹைமிலை சும்மா கிடந்தது. தொழில் கையை விட்டுப் போச்சோ எண்டு உள்ளுக்குள்ளை ஒரு பயம். அதை நான் ஆரிட்டையும் சொன்னதில்லை.

முதல் நல்ல பேர்னர் ஒண்டு எடுக்கவேணும். கடை பக்கத்து ரவுணிலை, காரிலை பத்து நிமிஷம். ஆனா அது அடுத்த மாவட்டம். எங்களுக்கு ஒதுக்கின மாவட்டத்தைத் தாண்டிறதெண்டால் அனுமதி வேணும், அனுமதி கேக்க முதல் டேர்மீன் எண்டு நாள் குறிச்சு எடுக்கவேணும்... அடுப்புப் பாக்கப் போகப்போறன் எண்டு எந்த அதிகாரியிட்டைப் போய்ச் சொல்லுறது?

"நீ வரவேண்டாம். பதினொரு மணிக்கு ரெலிபோனடியிலை நில்லு" எண்டா அக்கா.

ஹைம் நடையிலை ஒரே ஒரு ரெலிபோன். சொன்ன நேரத்துக்கு அடிச்சுது. அங்கை கடைக்காரர் பின்பக்கத்திலை ஒவ்வொரு அடுப்பாய்க் கொழுத்த, அக்கா றிசீவரை நெருப்புக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பிடிக்கிறா. இங்கை என்னோடை ஒரே அறையிலை தங்கியிருந்த குலம் அண்ணை, நடையிலை நிண்ட ஆக்களை அடக்குறார். "சத்தம் போடாதேங்கோ. தம்பி நெருப்புக் கேக்கிறான்."

முதலாவது ஒரே இரைச்சல். நடுவிலை ஒற்றைத் தாரையாய்ப் பாயுற நெருப்பு. வேண்டாம்.

இரண்டாவது பொக்குப் பொக்கெண்டு விட்டுவிட்டு எரிஞ்சுது. காஸும் காத்தும் சரியாச் சேரேல்லை. அதுவும் வேண்டாம்.

மூண்டாவது... மெல்லிசா, ஒரே சீரா, ஸ்ஸ்ஸ் எண்டு. வளையம் முழுக்கச் சின்னத் துளையள் இருந்தால்தான் அப்பிடிக் கேக்கும். "இதுதான் அக்கா! இதை எடுங்கோ!" எண்டு கத்தினன். கடைக்காரர் சிரிச்சதும் எனக்குக் கேட்டுது.

ஸ்ராண்டுக்கு இரும்பு ஹைமிலேயே கிடைச்சுது. உடைஞ்ச இரட்டைத்தட்டு இரும்புக் கட்டில் ஒண்டை வெளியிலை எறிஞ்சிருந்தவை. கேட்டு எடுத்தன். வெல்டிங் மெசின் அக்காவுக்குத் தெரிஞ்ச, வயல் செய்யிற ஒரு கமக்காரரிட்டை இரவல்.

முதல் ஒட்டு கோழி கிளறின மாதிரி வந்துது. அரைச்சு எடுத்துப்போட்டுத் திரும்ப அடிச்சன். அதுவும் சரியில்லை. மூண்டாந்தரம் கை தானாப் போச்சுது. முகமூடிக்குள்ளை அழுதன். சொல்ல எனக்கு வெக்கமில்லை.

ஆனா ஒரு பெரிய மடைத்தனம் செய்துபோட்டன். ஸ்ராண்டை முழங்காலுக்கும் கீழை நிக்கிற உயரத்திலை அடிச்சிட்டன். எங்கடை கலியாணவீட்டிலை சோறு காய்ச்சிற பெரிய கிடாரம் வைக்கிற உயரம், நிண்டபடி துழாவ வசதி. பியருக்கோ, பானையின்ரை பைப்பாலை அது தானா இறங்கிக் கீழை இருக்கிற வாளிக்குள்ளை போகவேணும். வாளி வைக்க இடமே இல்லை.

"இது பியர் காய்ச்சவோ, என்ரை நாய் ஏறிப் படுக்கவோ?" எண்டு கேட்டு அக்கா விழுந்து விழுந்து சிரிச்சா.

மிச்சக் கட்டில் கால்களை வெட்டி, நாலு காலையும் ஒட்டி உயர்த்தினன். அப்பதான் உண்மையான பயம் பிடிச்சுது. ஒட்டுப்போட்ட கால். மேலை ஐம்பது லீற்றர் கொதிதண்ணி. பக்கத்திலை நிக்கப்போறது அக்கா. ஒரு ஒட்டு விட்டால்...

அதாலை பானை வைக்கமுதல் நானே மேலை ஏறி நிண்டன். அசையேல்லை. குலம் அண்ணையைக் கூப்பிட்டன். "எடேய், நான் விழுந்து செத்தால் என்ரை கேஸை ஆர் பாக்கிறது?" எண்டுகொண்டே ஏறினார். பிறகு ஆரும் கேக்காமலே அக்காவும் ஏறினா. மூண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பிடிச்சுக்கொண்டு நிக்கிறம். அக்கா ரெண்டு தரம் துள்ளியும் பாத்தா! இரும்பு அப்பிடியே நிண்டுது.

அந்தச் சனிக்கிழமை காய்ச்சினம். அடிப்பிடிக்கேல்லை.

கொஞ்சக் கிழமை கழிச்சுப் போத்தல் திறக்க அயலட்டைச் சனத்தைக் கூப்பிட்டிருந்தா. உண்மையைச் சொன்னால் பியர் எனக்குக் கைச்சுது. வந்த ஒரு மனிசன் ஸ்ராண்டைப் பிடிச்சு ஆட்டிப் பாத்திட்டு, இதை ஆர் செய்தது எண்டு கேட்டார்.

அக்கா என்னைக் காட்டினா. "இவர்தான். எங்கடை வெல்டர்."

அந்த ஊரிலை அதுவரைக்கும் நான் அசூலான்ட் மட்டும்தான். அகதி. வேறை பேர் ஒருத்தரும் வைக்கேல்லை. நான் கிளாசைத் தூக்கிக் கைப்போடை கைப்பா முழுக்கக் குடிச்சன்.

இப்ப ஃபோனைத் திறந்தால் ஆயிரம் அடுப்பு, வீடியோவோடை. நினைச்ச நேரம் ஹொலண்டுக்குப் போய்க் கோப்பி குடிச்சிட்டு வாறம், எல்லை எங்கை போச்செண்டும் தெரியாது. எனக்கு வேலை அனுமதி வரக் கனகாலம் எடுத்தது. வந்தபிறகு இஞ்சத்தைச் சோதனை எழுதி, வெல்டர் எண்டு கடதாசி எடுத்து, அதே வேலை செய்து பென்ஷனும் எடுத்தாச்சு. கெர்டா அக்காவும் போயிட்டா.

அந்தக் கடதாசியை இப்ப கேட்டியளெண்டால் எந்த அலுமாரியிலை கிடக்குதெண்டு தேடத்தான் வேணும். அக்கா அண்டைக்குச் சொன்ன குரலை நான் ஒருநாளும் தேடவேண்டி வந்ததில்லை.