சுராஸ்கோவுக்கு எந்த ‘ர’?

காலை 9.10. புதுச்சேரி பேருந்து நிலையத்தில் வில்லியனூர் வண்டி ஏறினேன். தூரம் பத்து கிலோமீட்டர், கட்டணம் பன்னிரண்டு ரூபாய். நடத்துநர் என் இருபது ரூபாய்த் தாளை வாங்கிக்கொண்டு, “மீதிய எறங்கச்சொல்லோ வாங்கிக்க பெருசு” என்றார். பாக்கியைச் சீட்டின் பின்பக்கம் குறித்துத் தரவேண்டும் என்று சொன்னேன். குறித்துத் தந்தார். பின் இருக்கையில் யாரோ சிரித்தார்கள். முப்பத்து நான்கு வருட அரசுப் பணியில் எனக்குப் பழகிப்போன சிரிப்பு அது.

9.50. வில்லியனூரில் அந்தோணியும் அவன் மனைவி ரோஸ்லினும் காத்திருந்தார்கள். அந்தோணி, எங்கள் அலுவலக ஜீப் ஓட்டுநரின் மகன். எட்டு வருடம் சரக்குக் கப்பலில் சமைத்தவன். இப்போது பாகூர் பக்கம் ஒரு கடை போட்டு, அதற்குச் ‘சுராஸ்கோ’ என்று பெயர் வைத்திருக்கிறான். ஸ்பானிய மொழியில் நெருப்பில் வாட்டிய இறைச்சி என்று பொருளாம். உரிமம் மட்டும் மூன்று வாரமாக வரவில்லை. அதைக் கேட்டு வாங்கத்தான் என்னைத் துணைக்குக் கூப்பிட்டிருந்தான்.

“இன்னிக்கி சாயந்தரம் அஞ்சு மணிக்குள்ள கப்பல் ஏஜென்டுக்குப் பதில் சொல்லணும் சார்” என்றாள் ரோஸ்லின். “உரிமம் வரலன்னா இவரு பத்து மாசத்துக்குப் பூடுவாரு. பொண்ணு இவர மாமான்னு கூப்புடுது.”

அவர்கள் வந்த ஸ்கூட்டரில் மூவர் போவது சட்டப்படி தவறு. ஆட்டோ பிடித்தோம், பாகூருக்கு முந்நூற்று ஐம்பது. வழியெல்லாம் கரும்பு. சுராஸ்கோவுக்குச் சரியான பொருளைச் சொல் என்று அந்தோணியைக் கேட்டேன்.

“அது ஆளுக்கு ஆள் மாறும் சார். அர்ஜென்டினாக்காரனுக்கு ஒரு துண்டு மாட்டுக்கறி. சிலிக்காரன் மெல்லுசா சீவி பன்னுக்குள்ள வெப்பான். ஈக்வடார்ல மேல முட்ட பொரிச்சிப் போட்டு சோறும் வெக்கணும். பிரேசில்காரன் விருந்துக்கே அதான் பேருன்னு சண்டைக்கு வருவான்.”

“எங்கிருந்து வந்த வார்த்தை?”

“கப்பல்ல ஒரு இன்ஜினியர், ஸ்பெயின்ல பாஸ்க்-னு ஒரு எனத்துக்காரரு. அவங்க பாஷையில சூ-ன்னா நெருப்பு, அதுலேருந்து வந்திருக்கலாம்னு சொன்னாரு.”

ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். “அது நம்ம சூடுதான்பா. அவனுங்க எட்த்துகினு போயிருக்கானுங்க.”

தமிழ் வார்த்தை ஒன்றை ஸ்பெயினுக்கு அனுப்ப அவருக்கு ஒரு வேகத்தடையைக் கடக்கும் நேரம் போதுமானதாக இருந்தது.

11.15. அலுவலகம். எது என்று எழுதமாட்டேன். நான் ஓய்வூதியம் வாங்குகிறவன். எழுத்தர் ஒரு பெண்மணி, மரியாதையானவர். கோப்பைப் பிரித்தார்.

“சார், அகராதியில சுரான்னா கள்ளுன்னு போட்டிருக்கு. கலால்ல ஆட்சேபணை இல்லன்னு கடிதம் வேணும். அப்புறம் பலகையில வேற பேரு இருக்கே.”

புகைப்படத்தைக் காட்டினார். பலகை எழுதியவர் பெரிய ‘ற’ போட்டுச் ‘சுறாஸ்கோ’ என்று எழுதி, சந்தேகத்துக்கு இடமின்றிப் பக்கத்தில் ஒரு சுறாவையும் வரைந்திருந்தார். அது சிரித்துக்கொண்டிருந்தது. விண்ணப்பமும் பலகையும் ஒத்துப்போகவேண்டும் என்பது விதி. அந்த விதியின் வரைவைத் தயாரித்தவன் நான். அதை அங்கே சொல்லவில்லை.

“பிறமொழிப் பெயருக்குத் தமிழ்ப் பொருள் எழுதணும்” என்றார். ‘சுட்ட கறி’ என்று எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு அந்தோணியை ஏறிட்டார். “எங்கேருந்து சுட்டது?”

‘நெருப்பில் வாட்டிய கறி’ என்று மாற்றி எழுதினேன். கலால் கடிதம் அப்படியே நின்றது. அதற்குக் குறைந்தது பத்து நாள். அந்தோணியின் கைப்பேசி அடித்தது. ஏஜென்ட். ரோஸ்லின் அதை வாங்கித் தன் பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

“மேடம், பலகையில இருக்கற மாரியே விண்ணப்பத்தையும் மாத்திட்டா கள்ளு வராதில்ல?” என்று கேட்டாள்.

எழுத்தர் யோசித்தார். “வராது. ஆனா சுறான்னு போட்டா மீனும் விக்கணும்.”

“சுறாஸ்கோன்னு ஒலகத்துல எந்த நாட்டுலயும் கெடையாது சார்” என்று என்னிடம் முறையிட்டான் அந்தோணி. “எட்டு வருசத்துல நான் கொண்டாந்தது அந்த ஒரு வார்த்தைதான்.”

“பூரணாங்குப்பத்துல எங்கண்ணன் பால்சுறா கொண்டாருவாரு, அத வாட்டு” என்றாள் ரோஸ்லின். “வார்த்த நாசமாப் போனா போவுது. எனக்கு ஆளு வூட்டுல இருக்கணும்.”

அந்தோணி சிறிது நேரம் புகைப்படத்தில் இருந்த சுறாவைப் பார்த்தான். பிறகு பேனாவைக் கேட்டான். ‘ர’வை ஒரே கோட்டால் அடித்து, மேலே ‘ற’ எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் இட்டான். சாட்சியாக நானும் இட்டேன். ‘கறி’க்குப் பின்னால் ‘மற்றும் மீன்’ சேர்த்தேன்.

மாலை 4.40. வெளியே போயிருந்த அதிகாரி வந்து கையெழுத்திட்டார். ரோஸ்லின் ஜிப்பைத் திறந்தாள்.

“வரல சார்” என்றான் அந்தோணி ஏஜென்டிடம். “இல்ல சார், வேற கப்பல் இல்ல. மீன் கட வெச்சிருக்கேன்.” சொல்லிவிட்டு அவனே திடுக்கிட்டான். ரோஸ்லின் சிரித்த சிரிப்பில் எழுத்தரும் தலை தூக்கினார்.

இரவு 7.30. வீடு. எங்கள் தெருவிலும் வெளிநாட்டுப் பெயரில் ஏழு கடைகள் உண்டு. எதற்கும் என்ன பொருள் என்று இதுவரை நான் கேட்டதில்லை. இன்று கேட்டிருந்தால் ஏழு பேர் கப்பல் ஏறியிருப்பார்கள். சுராஸ்கோ என்றால் அர்ஜென்டினாவில் ஒன்று, சிலியில் ஒன்று, ஈக்வடாரில் ஒன்று, பிரேசிலில் ஒன்று. பாகூரில் அது மீன். அதற்கு நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.