நடு விட்டத்துக்குக் கீழே வாசித்த வரலாறு

மூன்று நாள் யோசனைக்கும் வீட்டில் நடந்த இரண்டு விவாதங்களுக்கும் பிறகு, குடையை எடுத்துச் செல்வதில்லை என்று முடிவு செய்தேன். யுத்த காலம், பெரிய மனிதர்கள் பெரிய முடிவுகளை எடுத்துக்கொண்டிருந்தார்கள். என் பங்குக்கு இது. புரட்டாசி மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், காலை ஆறு நாற்பதுக்கு விழுப்புரத்தில் ரயில் ஏறினேன்.

திண்டிவனத்துக்கு மேற்கே ஆறு மைலில் ஒரு கிராமம். அங்கே பொது மண்டபம் கட்டிப் பத்து வருஷம் நிறைந்ததற்கு விழா. யுத்த நிதிக்காகத் தாசில்தார் வந்து பேசுவார். அதற்கு முன் மண்டபத்தின் வரலாற்றை ஒருவர் வாசிக்க வேண்டும். கிராம முனிசீப் எனக்குப் பழக்கம். நான் பள்ளிக்கூட வாத்தியார் என்பதால், எனக்கு வரலாறு எழுத வரும் என்று அவராகவே நினைத்துக்கொண்டார். ஊரின் பெயரை நான் எழுதவில்லை. அங்கே எனக்கு இன்னும் பயம்.

திண்டிவனத்துக்கு இருபத்து நான்கு மைல். மூன்றாம் வகுப்பில் ஆறணா. எட்டு ஐந்துக்கு இறங்கினேன். ஜட்கா ஒரு ரூபாய் என்றார்கள், பன்னிரண்டணாவுக்குப் படிந்தது. மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, மூட்டை ஏற்றிய கட்டை வண்டிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி ஒன்றரை மணி நேரம் ஆயிற்று.

"மண்டபத்துக்கா சார்? உள்ள குந்தப் போறீங்களா?" என்றார் வண்டிக்காரர்.

"ஆமாம். ஏன்?"

"செவுத்தோரமா குந்துங்க. நடுவுல வாணாம்."

"நடுவில் என்ன?"

"எனுக்கின்னா தெரியும்? ஊர்ல பேசிக்கினு இருக்காங்க. நீங்க படிச்சவங்க, ஓரமா குந்துங்க."

மண்டபம் நீளம் நாற்பதடி, அகலம் இருபதடி. பனை விட்டம், நாட்டு ஓடு. பின்பக்க ஜன்னலுக்கு வெளியே ஒருவர் எக்கி நின்று கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்தான் சவரி, மண்டபத்தைக் கட்டிய கொத்தனார். ஊருக்குக் கிழக்கே, மாதா கோவில் இருக்கும் சேரியில் குடியிருப்பவர். நான் எழுதிக்கொண்டு போன நான்கு பக்கத்தில் அவர் பெயர் இல்லை. முனிசீப் அனுப்பிய குறிப்பில் இல்லாததால் எனக்கும் தெரியாது.

கட்டுமானம் நடந்த எட்டு மாதமும் சேரியில் வீட்டுக்கு ஓர் ஆள் வந்து வேலை செய்ததாம். உள்ளேதான் கஞ்சி குடித்தார்கள், மழைக்கு உள்ளேயே படுத்தார்கள். வேலை முடிந்த அன்று ஒரு பசுவை முன்வாசலில் ஏற்றிப் பின்வாசலில் இறக்கினார்கள். பசு இறங்கிய நிமிஷத்திலிருந்து, கட்டினவர்களுக்கு உள்ளே இடமில்லை.

"நடு வெட்டத்தப் பாருங்கய்யா. வெரல் நொழையற அளவு வுட்டுப்போச்சு. ஒரு முட்டு குடுத்தா நிக்கும். முட்டுக்கட்ட கூட செதுக்கி வெச்சிருக்கேன்" என்றார் சவரி.

"முனிசீப்பிடம் சொன்னாயா?"

"ஆடியிலேந்து சொல்லிக்கினுதான் இருக்கேன். வியுந்துச்சுன்னா யாரப் புடிப்பாங்க? கட்னவனத்தான். உள்ள போயி முட்டு குடுத்தா, அதுக்கும் என்னத்தான் புடிப்பாங்க."

அவர் மனைவி மரியம்மா ஜன்னலருகே வந்து அவர் துண்டைப் பிடித்து இழுத்தார். "உள்ள கால வெச்சின்னா ஒடிச்சுருவாங்க. வெட்டம் ஒடிஞ்சா ஒடியட்டும், நீ வா."

நான் முனிசீப்பிடம் போனேன். அவர் மாலைகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

"தெரியும் சார். இப்ப அவன உள்ள வுட்டா, மறுபடியும் பசு, ஐயர், புண்ணியாகவாசனம். பதினோரு மணிக்குத் தாசில்தார் வந்துர்றாரு."

"அப்படியானால் உங்கள் ஆள் யாராவது அந்த முட்டுக்கட்டையை நிறுத்தலாமே?"

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "முட்டு குடுக்குறது அவங்க வேலை சார்."

இதற்கு மேல் கேட்க ஒன்றுமில்லை. அந்த வேலையைச் செய்யலாம் என்று இருந்தவர்கள் உள்ளே வரக் கூடாது. உள்ளே வரலாம் என்று இருந்தவர்கள் அந்த வேலையைச் செய்யக் கூடாது. விட்டத்துக்கு இந்த ஏற்பாடு தெரியாது.

தாசில்தாருக்கு மரியாதையான இடம் நட்டநடுவில். வரலாறு வாசிக்கிறவனுக்கு அவர் பக்கத்தில். ஓரமாக உட்கார நான் செய்த இரண்டு முயற்சிகளும் அடக்கம் என்று பாராட்டப்பட்டன. மண்டபத்தில் சுமார் நூறு பேர். முதல் பக்கம் முடிவதற்குள் மேலே ஒரு சத்தம், வெற்றிலைக் காம்பைக் கிள்ளுகிற அளவுக்கு. இரண்டாம் பக்கத்தில் மண் உதிர்ந்தது. ஊதிவிட்டு வாசித்தேன். என் குரல் நடுங்கியதை உணர்ச்சி என்று எடுத்துக்கொண்டு சிலர் கை தட்டினார்கள். கை தட்டாதீர்கள் என்று கத்தலாம் போலிருந்தது.

"இம்மண்டபம் ஊரார் அனைவர்க்கும் பொதுவாம்" என்ற வரியில் சத்தம் பெரிதாகக் கேட்டது. எல்லோரும் மேலே பார்த்தார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை, தாசில்தாருக்கு முன்னால் எழுந்திருப்பது வழக்கமில்லை.

பின்வாசலில் சவரி வந்தார். தோளில் பனங்கட்டை. என் நாற்காலிக்குப் பின்னால் அதை நிறுத்தி, அடியில் ஆப்பு வைத்து நான்கு தட்டுத் தட்டினார். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. சத்தம் நின்றது. வந்த வழியே ஓடினார்.

"யார் அது?" என்றார் தாசில்தார்.

"வேலையாள் எஜமான்" என்றார் முனிசீப். "வாத்தியார் சார், நீங்க வாசிங்க."

வாசித்தேன். கூட்டத்தில் ஒருவரும் விட்டத்தைப் பார்க்கவில்லை. தரையில் இருந்த கால் தடங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒன்றரை மணிக்குத் தாசில்தாரின் கார் போனது. இரண்டு மணிக்குப் பசு வந்தது. தரையைக் கழுவிய பிறகு, சவரி தொட்ட முட்டு உள்ளே இருக்கலாமா என்று கேள்வி வந்தது. இருக்கக் கூடாது என்று தீர்ந்தது. கையால் தொட முடியாதென்று, தூரத்திலிருந்து கயிற்றுச் சுருக்கு வீசி மாட்டி, மாட்டைப் பூட்டி இழுத்தார்கள். நான் தடுக்கவில்லை. "விழுந்துவிடுமே" என்று ஒருமுறை சொன்னேன். பக்கத்தில் நின்றவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டேன்.

திரும்பும்போது வண்டியைச் சேரி வழியாக விடச் சொன்னேன். எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. மரியம்மா மட்டும் வெளியே நின்றார்.

"கேப்பக் கொல்லையில பதுங்கிக்கினு கெடக்குறாரு. நீங்க நிக்காதீங்கய்யா. நீங்க நின்னா இங்கதான் கீறாருன்னு தெரிஞ்சிரும்."

வண்டிக்காரர் நான் சொல்லாமலே சாட்டையை எடுத்தார்.

போக நினைப்பவர்களுக்கு: மாலை ஐந்தரை ரயிலைத் தவற விடாதீர்கள். குடிதண்ணீர் கொண்டு போங்கள். ஊரில் யாரிடமும் எதற்கும் காரணம் கேட்க வேண்டாம். மண்டபத்தில் தங்க இடம் உண்டா என்று சில வாசகர்கள் கேட்பார்கள். இல்லை. ஐப்பசி மழையில், ஒரு பகல் வேளை, கூரை இறங்கிவிட்டது. உள்ளே யாரும் இல்லை. பஞ்சாயத்து வேப்பமரத்தடியில் கூடி, கட்டுமானம் சரியில்லை என்று முடிவு செய்து, சவரியின் குடும்பம் எட்டு நாளில் ஊரைவிட்டுப் போக வேண்டும் என்றது. அவர்கள் ஆறாம் நாள் போனார்கள்.