போலீஸ் அலமாரியில் முனியாண்டி

என் அக்காள் வள்ளியம்மாவின் புருஷன் காளியண்ணன் யாருக்கும் எதிர்வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. குவாலா சிலாங்கூர் பக்கம் பதினாலாம் கட்டைத் தோட்டத்தில் முப்பது வருஷம் உழைத்தவர். முதலில் ரப்பர், பிறகு செம்பனை. வேலையை மேற்பார்க்கும் மண்டோர் நில் என்றால் நிற்பார். ஆபீஸ் கிராணி தாளை நீட்டினால் படிக்காமலே கையெழுத்துப் போடுவார். நாலு பேர் இவரைப் போல இருந்தால் தொழிற்சங்கத்தை இழுத்து மூடிவிடலாம் என்று நான் கேலி செய்வேன். சிரிப்பாரே தவிர, பதில் சொல்ல மாட்டார். எனக்கு அது எரிச்சலாகவே இருக்கும். நான் அப்போது செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டிக்கொண்டிருந்தேன், வாயும் கொஞ்சம் நீளம்.

வருஷத்தில் ஒரு நாள் மட்டும் மாமா வேறு ஆள். தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை எங்கள் தோட்டத்து முனியாண்டிக்குப் பூசை. உறுமி அடித்ததும் சாமி இவர்மேல்தான் இறங்கும். மூன்றடி நீள அருவாளை இரண்டு பேர் தோளில் தாங்க, வெறுங்காலோடு அதன் கூர்மேல் ஏறி நிற்பார். எங்கள் கோயிலில் சிலை கிடையாது. அந்த அருவாள்தான் முனியாண்டி. குளித்து, வேட்டி கட்டி, திருநீறு பூசாமல் அதை யாரும் தொடுவதில்லை. பீடத்தைவிட்டு எடுத்தால் திரும்பப் பீடத்தில்தான் வைக்க வேண்டும். தரையில் படக்கூடாது.

எண்பதாம் வருஷம் அக்டோபரில் அந்தச் செய்தி வந்தது. ஜோகூரில் பத்து பகாட்டில் வெள்ளை அங்கி போட்ட ஒரு கூட்டம் வாள்களோடு போலீஸ் நிலையத்துக்குள் புகுந்து கண்ணில் பட்டவர்களையெல்லாம் வெட்டியது. வெட்டியவர்களில் எட்டுப் பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. மதத்தின் பேரால் செய்தார்களாம். ரேடியோவில் கேட்டபோது எங்கேயோ தூரத்துச் சங்கதி என்றுதான் நினைத்தேன். இரண்டு நாளில் அது எங்கள் லயத்து வீடுகளின் வாசலுக்கே வந்துவிட்டது.

சீனன் காப்பிக்கடையில் ஆளுக்கொரு கதை. அடுத்தது நம் கோயில்கள்தான் என்றான் ஒருவன். இரண்டு மூன்று வருஷத்துக்கு முன் கோயில்களில் சிலைகளை உடைத்துத் திரிந்த கூட்டத்தை யாரும் மறக்கவில்லை. அதனால் அந்தப் பேச்சு நின்று வேலை செய்தது. கம்போங் குவாந்தானிலிருந்து மீன் கொண்டுவரும் மலாய்க்காரர் வெட்டியவர்கள் எங்கள் மார்க்கமே இல்லை என்று ஒவ்வொரு வீட்டிலும் சொல்லிச் சொல்லியே மீன் விற்றார். பாவமாக இருந்தது. அவர் ஏன் எங்களிடம் சொல்ல வேண்டும்? ஓர் அரசியல்வாதி வந்து தோட்டத்து மண்டபத்தில் ஒற்றுமையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் போனார். அந்த வாரமே ஆபீஸ் பலகையில் ஒரு தாள் ஒட்டினார்கள். வேலைக்கான கத்தி தவிர நீளமான ஆயுதம் வைத்திருப்பவர்கள் போலீசில் தெரிவிக்க வேண்டும், கூட்டம் கூடும் விழாக்களுக்கு முன்கூட்டியே பெர்மிட் வாங்க வேண்டும்.

மற்றத் தோட்டத்துக்காரர்கள் தங்கள் கோயில் அருவாளைக் கூரையில் செருகிவிட்டு வாயை மூடிக்கொண்டார்கள். கோயில் தலைவர் சின்னையா மண்டோரும் அதையே சொன்னார். மாமா ஒத்துக்கொள்ளவில்லை. கேட்கிறார்கள், காட்டிவிட்டுப் பெர்மிட் வாங்கி வருவோம், சாமியை எதற்கு ஒளித்துவைக்க வேண்டும் என்றார். சட்டத்தை மதிக்கிற மனுஷன், என்ன செய்வது.

பூசைக்கு முந்தின வாரம் வெள்ளிக்கிழமை காலையில் மாமாவை என் லோரியில்தான் போலீஸ் நிலையத்துக்கு அழைத்துப் போனேன். குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, வெள்ளைத் துண்டைத் தோளில் போட்டு, நெற்றி நிறையத் திருநீறு. மடியில் மஞ்சள் துணியில் சுற்றிய அருவாள். வழியெல்லாம் பெர்மிட்டைப் பற்றியே பேசிக்கொண்டு போனோம். வெள்ளை உடுப்புக்காரர்கள் வாளோடு போலீஸ் நிலையத்தில் புகுந்து எட்டு நாள்கூட ஆகவில்லை. அந்த நினைப்பு அவருக்குத்தான் வரவில்லை, ஊர் சுற்றுகிற எனக்காவது வந்திருக்க வேண்டாமா? இதை எழுதும்போதுகூட என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

நிலையத்து வாசலில் இறங்கியவர் ஒரு காரியம் செய்தார். மூடி எடுத்துப்போனால் தப்பாக நினைப்பார்கள் என்று மஞ்சள் துணியை அவிழ்த்து என் கையில் கொடுத்துவிட்டு, அருவாளை இரண்டு கையாலும் நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு முற்றத்துக்குள் நடந்தார்.

காவலுக்கு நின்றவன் ரசாக். எங்களுக்குத் தெரிந்த பையன்தான். எத்தனையோ முறை எங்கள் தோட்டத்துக் கல்யாணங்களில் வந்து உட்கார்ந்து பேசியிருக்கிறான், மாமாவை 'அண்ணே' என்பான். அவன் துப்பாக்கியைத் தூக்கினான். உள்ளேயிருந்து இன்னும் இரண்டு துப்பாக்கிகள் வந்தன. "லெத்தா பாவா!" என்று மூன்று பேரும் கத்தினார்கள். கீழே வை என்று அர்த்தம். மாமாவுக்கு மலாய் நன்றாகத் தெரியும். ஆனால் அவர் வைக்கவில்லை. "வைக்க முடியாது, இது கீழே படக்கூடாது" என்று மலாயில் திரும்பத் திரும்பச் சொன்னார். நான் லோரிக் கதவைப் பிடித்தபடி மரமாக நின்றேன். ஓடிப்போய் நடுவில் விழுந்தேன் என்று சொல்ல ஆசைதான். பொய்யாகிவிடும்.

மாமா மெள்ளக் குந்தினார். பிறகு மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அருவாளைத் தன் மடியில் வைத்துக்கொண்டு இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினார். அதற்குள் நிலையப் பொறுப்பிலிருந்த சார்ஜன் வெளியே வந்துவிட்டார். நரைத்த மனிதர், நாலு இனத்தோடும் பழகியவர். ஒரே பார்வையில் விஷயம் புரிந்து துப்பாக்கிகளை இறக்கச் சொன்னார். இவரையும் திட்டினார், அவர்களையும் திட்டினார். ஆனால் வந்த பொருளைத் திருப்பிக் கொடுக்க அவருக்கு அதிகாரம் இல்லையாம். மேலே கேட்க வேண்டுமாம். அருவாள் நிலையத்திலேயே தங்கிவிட்டது.

திரும்பும் வழியில் மாமா வெறும் மஞ்சள் துணியை மடியில் வைத்து மடித்தார். பிறகு சொன்னார்.

"சுட்டிருந்தாகூட பரவால்ல மாப்ளே. ரசாக்கு கை நடுங்குச்சு. என்னயப் பாத்து நடுங்குச்சு."

எனக்கு அது சுருக்கென்றது. காரணம் மாமா மட்டும் இல்லை. மூன்று நாளைக்கு முன் ஆற்றோரச் சாலையில் ஒரு வயதான ஹாஜி வெள்ளை ஜுப்பாவில் நடந்து போய்க்கொண்டிருந்தார். வழக்கமாக நான் லோரியில் ஏற்றிக்கொள்கிற ஆள். கையைக் காட்டினார். நான் பார்க்காதது போல மிதித்துக்கொண்டு போய்விட்டேன். கண்ணாடியில் பார்த்தபோது கை இன்னும் இறங்கவில்லை. அதை மாமாவிடம் சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை.

லயத்தில் எவரும் மாமாவைத் தேற்றவில்லை. சாமியைக் கொண்டுபோய் லோக்காப்பில் வைத்துவிட்டு வந்திருக்கிறார் என்று அக்காளே தலையில் அடித்துக்கொண்டாள். கூரையில் ஒளித்தவனெல்லாம் புத்திசாலி, நேராகப் போனவன் முட்டாள் என்று ஆகிவிட்டது. சட்டம் போட்டவர்கள் யாரைப் பிடிக்க நினைத்துப் போட்டார்களோ தெரியாது. எங்கள் தோட்டத்தில் அது பிடித்தது காளியண்ணன் ஒருவரைத்தான்.

பூசைக்கு மூன்று நாள் இருக்கும்போது சார்ஜனே தோட்டத்துக்கு வந்தார். நல்ல மனசோடுதான் வந்தார், அதில் சந்தேகம் இல்லை. கையில், மேலிடத்தில் கேட்டு மலாயில் தட்டச்சு செய்த ஒரு கடிதம். இது புல் வெட்டும் கத்தி, தோட்ட வேலைக்கு மட்டுமே பயன்படுத்துகிறேன் என்று எழுதியிருந்தது. வேலைக் கத்திக்குத் தடையில்லை, கையெழுத்துப் போட்டால் இன்றே கொண்டுபோகலாம். விழாவுக்கும் பெர்மிட் தருகிறேன், இரண்டு போலீஸ் காவலுக்கு வருவார்கள் என்றார்.

சின்னையா பேனாவின் மூடியைத் திறந்து மாமாவின் கையில் கொடுத்தார். எனக்கும் நிம்மதி. முப்பது வருஷம் எதையும் படிக்காமல் கையெழுத்துப் போட்டவருக்கு இது ஒன்று பெரிதா? மாமா கடிதத்தை எடுத்தார். அன்றைக்கென்று பார்த்து எழுத்துக் கூட்டிப் படித்தார். இரண்டு முறை படித்தார். பேனாவைச் சின்னையாவிடமே திருப்பிக் கொடுத்தார்.

எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினோம். அறுபது குடும்பத்துச் சாமி, வெறும் தாள்தானே, முனியாண்டிக்கு மலாய் தெரியுமா என்றுகூட நான் கேட்டேன். மாமா என் பக்கம் திரும்பினார். அவர் குரலை உயர்த்தவில்லை.

"நேத்து வரைக்கும் சாமின்னு கும்புட்டத இன்னிக்கி புல்லு வெட்டுற கத்தின்னு எழுதிக் குடுத்துட்டு, சனிக்கிழம எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு மாப்ளே அதுமேல ஏறி நிப்பேன்?"

சார்ஜன் கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். பெர்மிட்டை மட்டும் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். அன்று ராத்திரி அக்காள் மாமாவோடு பேசவில்லை. நானும் கோபமாகத்தான் இருந்தேன். ஆனால் அந்தக் கோபத்துக்கு அடியில் எனக்கு அவர்மேல் ஒரு மரியாதை வந்து உட்கார்ந்துவிட்டது, அதை இன்றுவரை எழுப்ப முடியவில்லை.

சனிக்கிழமை மதியம் மாமா என்னைத் தேடி வந்தார். நிலையத்துக்குப் போய் அருவாளை ஒருமுறை பார்த்துக் கும்பிட்டு வர வேண்டும் என்றார். இந்த முறை அக்காள் உஷாராகிவிட்டாள். என் காற்சட்டையையும் நீலச் சட்டையையும் போட வைத்தாள். காற்சட்டை இடுப்பில் நிற்காமல் கயிறு கட்ட வேண்டியிருந்தது. கையில் ஓர் எலுமிச்சம்பழம், அதுவும் வெளியே தெரிகிற மாதிரி.

சார்ஜன் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரி என்றார். சூடம் மட்டும் கொளுத்தக்கூடாது. ரசாக் சாவியோடு வந்து பின்னறை அலமாரியைத் திறந்தான். கீழ்த் தட்டுகளில் பறிமுதல் செய்த சம்சு சாராயப் பாட்டில்கள், ஒரு திருட்டு சைக்கிளின் விளக்கு, கட்டுக்கட்டாகக் கோப்புகள். மேல் தட்டைக் காலி செய்து, சுத்தமான துண்டு ஒன்றை விரித்து, அதன்மேல் அருவாளை வைத்திருந்தார்கள். யார் வைத்தது என்று நாங்கள் கேட்கவில்லை. மாமா எலுமிச்சம்பழத்தை அதன் பக்கத்தில் வைத்துக் கண்ணை மூடி நின்றார். ரசாக் சுவரோரமாக ஒதுங்கி நின்றான்.

முடிந்ததும் மாமா அவனிடம் மலாயில் கேட்டார். "ரசாக், என்னைப் பார்த்தால் உனக்கு இன்னும் பயமாக இருக்கிறதா?"

சிரித்து மழுப்பியிருக்கலாம். அவன் அப்படிச் செய்யவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, "கொஞ்சம், அண்ணே" என்றான்.

"எனக்கும் உன்னைப் பார்த்தால் கொஞ்சம் இருக்கிறது" என்றார் மாமா.

பிறகு ரசாக் அலமாரியைப் பூட்டினான். நாங்கள் தோட்டத்துக்குத் திரும்பினோம். மாலையில் பூசை நடந்தது. பொங்கல் வைத்தார்கள், ஆடு வெட்டினார்கள், உறுமிக்காரர்கள் கை சலிக்கிறவரை அடித்தார்கள். யார்மேலும் சாமி இறங்கவில்லை. மாமா எல்லாரையும் போலக் கூட்டத்தில் நின்று, வெறும் பீடத்தைக் கும்பிட்டார்.