முதல் அதிரசம்

எண்ணெயில் கருப்பட்டி அதிரசம் உப்பி எழுந்த மணம் வந்ததும் எனக்குக் கன்னம் எரிந்தது.

தொண்ணூறுகளில் ஒரு தீபாவளிக்கு முந்தின நாள். தச்சநல்லூர் வீட்டில் அம்மா விடியலிலிருந்து பட்டினியாக அதிரசம் சுட்டுக்கொண்டிருந்தாள். சாமிக்குப் படைக்கும் முன் யாரும் வாயில் வைக்கக்கூடாது. காவலுக்கு அப்பாவின் அக்கா, கையில் துப்பறியும் நாவலோடு உட்கார்ந்திருந்தாள். பக்கம் புரட்டும்போது நிமிர்ந்தவள் தட்டைப் பார்த்தாள்.

"ஒண்ணு கொறையுதே! ஏட்டி, கையக் காட்டு."

என் விரல்களை முகர்ந்தாள். சோப்பு மணம்தான். அம்மாவின் பக்கம் திரும்பினாள்.

"கோமதி, நீ எடுத்தியா? வாயத் தொறந்து சொல்லு."

அம்மா அடுப்பைப் பார்த்தபடியே நின்றாள். அவளுடைய ஒரு பக்கக் கன்னம் உப்பியிருந்தது எனக்கு மட்டும் தெரிந்தது. அத்தை எழுந்து அவளிடம் போனாள்.

"நாந்தான் தின்னேன் அத்தை!"

பளாரென்று அறை விழுந்தது.

"சாமிக்கு முந்தி ஒனக்குக் கேக்குதோ?"

என் கையில் சோப்பு மணத்ததை அத்தை மறந்தே போனாள். அந்தச் சத்தத்துக்குள் அம்மா விழுங்கிவிட்டாள்.

இன்று என் அடுப்படியில் முதல் அதிரசத்தை அம்மாவின் கையில் வைத்தேன்.

"தின்னும்மா. இங்கன யாருமில்ல."

வாங்கிக்கொண்டு, சுவர்ப் பக்கமாகத் திரும்பித் தின்றாள்.